செத்த ஏற்பியில் நீலம்

சரஸ்வதி பூஜை விடுமுறை முடிந்து ஆய்வகத்தை முதலில் திறந்தவள் முத்துமாரிதான். கதவைத் தள்ளியதும் சீரியல் பல்பு இன்னும் எரிந்துகொண்டிருப்பது தெரிந்தது. சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. வாழைக்கன்று வாடித் தொங்கியது. எல்லா மெஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். மைனஸ் எண்பது ஃப்ரீசரின் கதவில் மட்டும் பொட்டு கரைந்து கோடாக இறங்கியிருந்தது. அடியில் தண்ணீர் தேங்கி நின்றது.

வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். ஃப்ரீசரின் பிளக் தரையில் கிடந்தது. அது இருக்க வேண்டிய இடத்தில் சீரியல் பல்பின் பிளக் இருந்தது.

யார் வேலை என்று யோசிக்க வேண்டியதில்லை. பூஜைக்கு முன்னின்று அலங்காரம் செய்தவன் அவளோடு ஆய்வு செய்கிற வினோத்ராஜ். குளிர் குறைந்தால் கத்துகிற அலாரத்தையும் அமுக்கி வைத்திருந்தான். சாமி கும்பிடுகிற இடத்தில் இரைச்சல் கூடாதல்லவா.

கதவைத் திறந்தாள். கல்லாக உறைந்திருக்க வேண்டிய குப்பிகள் எல்லாம் தண்ணீராக ஆடின. விரல் நீளம்கூட இல்லாத குப்பி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். உள்ளே இருந்தது மனித வளர்ச்சிக் காரணியின் ஏற்பி.

ஏற்பி செல்லின் மேல் நிற்கிற ஒரு புரதம். வளர்ச்சிக் காரணி வந்து அதைப் பிடித்தால் செல் வளரும். விடாமல் பிடித்தால் புற்று. மனித மரபணுவை வேறொரு செல்லுக்குள் வைத்து, ஏற்பியை மட்டும் தனியாக விளைவித்து, பொடியாக உலர்த்தி விற்கிறார்கள். கடல் தாண்டி வந்து, சென்னையில் இறங்கி, ஐஸ் பெட்டிக்குள் தேனி வருகிறது. பொடியாக இருக்கும்வரை கெட்டி உயிர். தண்ணீரில் கரைத்துவிட்டால் பச்சைப் பிள்ளை. மைனஸ் எண்பதில் தூங்க வைக்க வேண்டும். ஒரு தரம் எழுப்பினால் அன்றைக்கே எடுத்துப் பயன்படுத்திவிட வேண்டும். இது விடுமுறை முழுக்க வெந்நீர் அறை மாதிரியான இடத்தில் விழித்துக் கிடந்திருக்கிறது.

செத்திருக்கும்.

முத்துமாரி குப்பியை இருந்த இடத்திலேயே வைத்தாள். சீரியல் பல்பைப் பிடுங்கினாள். ஃப்ரீசரைச் செருகினாள். அது உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. துணி எடுத்து வந்து தரையைத் துடைத்தாள். கரைந்த பொட்டையும் துடைத்தாள். பூஜைத் தட்டில் மிச்சமிருந்த சந்தனத்தைக் குழைத்து, பழைய இடத்திலேயே புதுப் பொட்டு வைத்தாள். நடுவில் குங்குமம்.

யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. பண்ணைப்புரத்தில் அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த பன்னீர் திராட்சையின் விதையை அவளுடைய அம்மா சங்கிலியம்மாள் மொட்டைமாடியில் உலர்த்திக் கொடுக்க, முத்துமாரி அதை இடித்து, ஊறவைத்து, பிரித்து, ஒரு சாற்றை எடுத்தாள். நெகிழித் தட்டில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். குழியில் ஏற்பியைப் பூசி, அதன்மேல் சாற்றை ஊற்றி, அலசிவிட்டு, நிறம் காட்டும் மருந்தை விட வேண்டும். சாறு ஏற்பியைப் பிடித்திருந்தால் குழி நீலமாகும். பிடிக்காவிட்டால் வெறும் தண்ணீராக நிற்கும். முதல் நீலம் வந்த அன்று அவள் சாப்பிடவே இல்லை. வளர்ச்சிக் காரணி உட்கார வேண்டிய நாற்காலியில் தன் தோட்டத்துத் திராட்சை உட்கார்ந்துவிட்டது என்று நினைத்தாள். புற்றுக்கு மருந்து அங்கிருந்துதான் தொடங்கும்.

கட்டுரை வெளிவந்தபோது முதல் பெயர் வினோத்ராஜ். இரண்டாவது பெயர் அவர்களுடைய வழிகாட்டி சுந்தரலிங்கம். மூன்றாவது பெயர் இல்லை.

கேட்கப் போனாள். சுந்தரலிங்கம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"வினோத்து இந்தக் காலேஜ் செயலாளருக்கு மருமகன்மா. இங்கனயே இருக்கப்போறவன். நீ நாளைக்குக் கல்யாணம் கட்டி எங்கயோ போயிருவ. உனக்கு எதுக்கு இந்த இழுபறி?"

"என் பேரு சார்."

"பேரெல்லாம் தானா வரும்மா."

அது தானாக வரவில்லை. காப்புரிமை கேட்டு இரண்டு பேரும் விண்ணப்பம் போட்டார்கள். அதிலும் இரண்டு பேர்தான். மாத்திரைக் கம்பெனி போடப் போகிறோம் என்று செயலாளர் பழனிசெட்டிபட்டியில் ஒரு இடம் பார்த்து வைத்தார். முத்துமாரி பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதினாள். பதில் வந்தது. தீபாவளி கழித்து மதுரையிலிருந்து ஒரு பேராசிரியை வந்து விசாரிப்பார். சோதனையை வினோத்ராஜே அவர் கண்முன்னால் செய்து காட்ட வேண்டும்.

பிளக் தரையில் கிடந்ததைப் பார்த்தபோது அவளுக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது. அவன் செத்த ஏற்பியைத் தட்டில் பூசுவான். சாறு ஊற்றுவான். நீலம் வராது. வேர்க்கும். அப்போது அவள், சாதாரண ஃப்ரிட்ஜின் உறைபெட்டியில் பிரிக்காமல் கிடக்கும் பொடிக் குப்பியைக் கரைத்து, தன் கையால் நீலம் வரவைப்பாள். யார் வேலை என்று தட்டே சொல்லும்.

ஒரே ஒரு முள் இருந்தது. அந்த ஃப்ரீசரில் அனுஷ்காவின் பொருளும் இருந்தது.

அனுஷ்கா இரண்டாம் வருஷத்து ஆய்வு மாணவி. சர்க்கரை நோயாளிகளின் ரத்தச் சீரத்தை அளப்பது அவள் வேலை. கெங்குவார்பட்டி வரை வீடு வீடாகப் போய், ஊசி என்றதும் உள்ளே ஓடிய கிழவிகளைத் தாஜா பண்ணி, குப்பி குப்பியாகச் சேர்த்திருந்தாள். சொன்னால் அவள் அழுவாள். அழுதால் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தால் வினோத்ராஜ் புது ஏற்பி வாங்கிவிடுவான்.

ஒரு வாரம் கழித்து அனுஷ்கா வந்து நின்றாள்.

"அக்கா, என் அளவெல்லாம் கோணக்க மாணக்கன்னு வருதுக்கா. நேத்து ஒன்னு, இன்னைக்கு ஒன்னு. என்ன பண்றேன்னே தெரியல."

"திரும்பப் பண்ணிப் பாரு."

"ஒரு தடவ நீங்க கூட நின்னு பாக்கறீகளா?"

"எனக்கு வேல கெடக்குடி."

அனுஷ்கா போய்விட்டாள். முத்துமாரி கையுறையைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டாள். கை அழுக்காகவில்லை. சும்மா மாற்றினாள்.

சங்கிலியம்மாள் போனில் தினமும் ஒரே பாட்டுத்தான்.

"என்னடி ஆச்சு? அந்தக் களவாணிப் பய வாயத் தெறந்தானா?"

"இன்னும் விசாரண வரல ஆத்தா."

"விசாரண எதுக்கு? மாடியில வெயில்ல நின்னு கொட்டைய ஒலத்துனது நானு. அவன் பேரப் போட்டுக்கிட்டு மாத்திரை விப்பானாக்கும். கருப்புகிட்டப் போயி காசு வெட்டிப் போடப்போறேன்."

"ஏன் இப்படி அவசரப்படுற?"

"அவசரமா? உங்கப்பாரு மாதிரி நானும் வாய்க்கா வரப்பு போனா போகட்டும்னு இருக்கவா?"

காசு வெட்டிப் போடுவது சின்ன விஷயம் இல்லை. கோயில் வாசலில் நாணயத்தை உளியால் இரண்டாக வெட்டி, இன்னான் இன்னது செய்தான் என்று சொல்லி வீசுவார்கள். செய்தவன் விளங்கமாட்டான். ஆனால் சொன்ன வழக்கு பொய்யாக இருந்தால், வெட்டியவன் வீட்டுக்கே திரும்பும். அதனால் பண்ணைப்புரத்தில் யாரும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று வெட்டமாட்டார்கள். சங்கிலியம்மாளுக்குத் தன் மகள்மேல் அவ்வளவு நம்பிக்கை.

தீபாவளி முடிந்த சனிக்கிழமை வினோத்ராஜின் பிள்ளைக்குக் காதுகுத்து. கிடா வெட்டு. ஆய்வகமே வண்டி கட்டிக்கொண்டு போனது.

"அக்கா, நீங்களும் வரணும்" என்று வினோத்ராஜ் பத்திரிகையை நீட்டியிருந்தான். "மனசுல எதையும் வச்சுக்கிறாதீக. கறி நம்ம ஆளு கைப்பக்குவம்."

"எனக்கு வெரதம் தம்பி."

"தீபாவளி முடிஞ்சு என்னக்கா வெரதம்?"

"இருக்கு. முடிச்சிட்டுச் சொல்றேன்."

முந்தின நாளே அவள் ஒரு தட்டில் செத்த ஏற்பியைப் பூசி வைத்திருந்தாள். ஒரு ஐயம் தீர வேண்டியிருந்தது. ஏற்பி உண்மையிலேயே செத்துவிட்டதா? செத்ததாக நினைத்து அவன் முன்னால் உட்கார்ந்து, நீலம் வந்துவிட்டால் எல்லாம் போச்சு.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி வளர்ச்சிக் காரணிதான். ஏற்பி அதற்காகவே பிறந்தது. உயிரோடு இருந்தால் பிடித்துக்கொள்ளும். சாதாரண ஃப்ரிட்ஜில் கெடாமல் இருந்த காரணியை முதல் வரிசைக் குழிகளில் ஊற்றினாள். அடுத்த வரிசையில், ஒரு முறைக்காக, திராட்சைச் சாற்றை ஊற்றினாள். காத்திருந்தாள். அலசினாள். நிற மருந்து விட்டாள்.

காரணி வரிசை தண்ணீராகவே நின்றது. ஏற்பி செத்துத்தான் போயிருந்தது. தனியாக நின்று சத்தமாகச் சிரித்தாள்.

சிரித்து முடிப்பதற்குள் அடுத்த வரிசை நீலமானது.

குழாய் மாற்றி ஊற்றிவிட்டோம் என்று நினைத்தாள். வேறொரு குப்பியை எடுத்து, புதுத் தட்டில், பிப்பெட்டில் புது முனை மாட்டி, மறுபடி செய்தாள். காரணிக்குத் தண்ணீர். சாற்றுக்கு நீலம். நல்ல ஆழமான, கட்டுரையில் அச்சான அதே நீலம்.

செத்துப்போன ஏற்பியைச் சாறு எப்படிப் பிடிக்கும்?

ஸ்டூலில் உட்கார்ந்தாள். வால் நினைவுக்கு வந்தது.

ஏற்பியை விற்கிறவர்கள் அதை மொட்டையாக அனுப்புவதில்லை. பிரித்தெடுக்க வசதியாக, ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புரதத்தின் ஒரு துண்டை அதன் முனையில் சேர்த்தே விளைவிப்பார்கள். ஆய்வகத்தில் அதற்கு வால் என்று பெயர். வால் கெட்டி. ஏற்பி சாகும் சூட்டில் அது சாகாது. முதல் நீலம் வந்த காலத்தில், வாலை மட்டும் தனியாக வைத்து ஒரு சோதனை பார்க்க வேண்டாமா என்று அவள் கேட்டிருக்கிறாள். "வாலை விடும்மா, தலையப் பாரு" என்றார் சுந்தரலிங்கம். அந்தப் பதில் அவளுக்கும் அன்று இனித்தது. நீலம் கையில் இருக்கும்போது யாருக்குத்தான் அதைத் தொலைக்க மனசு வரும்.

வாலுக்காகத் தனியாக எதையும் வாங்கக்கூடத் தேவையில்லை. சாதாரண மனித எதிர்ப்புரதத்தில் அதே வால் உண்டு. ஃப்ரிட்ஜின் பின் தட்டில் ஒரு குப்பி யாரும் சீண்டாமல் கிடந்தது. எடுத்துப் பூசினாள். ஏற்பியே இல்லாத குழி. சாறு ஊற்றினாள்.

நீலம்.

அவளுடைய திராட்சை ஒருநாளும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. நாற்காலியின் காலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

திருடனைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவளுக்கு, பறிபோனது கவரிங் என்று பாதி வழியில் தெரிந்தால் எப்படி இருக்கும். முத்துமாரி அழுதாள். கல்யாணப் பேச்சுகளைத் தள்ளியது, கூடப்பிறந்த தம்பி படிப்பை நிறுத்தித் தோட்டத்துக்குப் போனது, வெயிலில் கறுத்த அம்மாவின் கை, எல்லாவற்றுக்குமாக அழுதாள். பிறகு, திருடன் அதைத் தங்கம் என்று நம்பிக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஊர் பார்க்கத் திரிகிறான் என்பது நினைவுக்கு வந்தது.

அழுகை நின்றது.

அம்மாவைக் கூப்பிட்டாள்.

"காசு வெட்டப் போகாத ஆத்தா."

"நேத்தே வெட்டியாச்சு. ஏன்டி?"

முத்துமாரி நீலக் குழிகளைப் பார்த்தாள்.

"என்னடி பேச்சக் காணோம்? நம்மது பொய் வழக்கா?"

"பொய்தான். ஆனா நம்மளுது இல்ல" என்றாள் முத்துமாரி. "இனிமே முழுசா அவுகளோடது."

"என்ன எழவோ, எனக்கு வெளங்குற மாதிரி பேசு."

"வெளங்கும்."

விசாரணைக்கு முந்தின நாள் சுந்தரலிங்கம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் அவளுக்கும் ஒரு டீ இருந்தது. அந்த அறையில் அவளுக்கு டீ வந்தது அதுதான் முதல் தடவை.

"உக்காரும்மா முத்து. நானும் பிள்ளைகுட்டிக்காரன்தான். யோசிச்சுப் பாத்தேன். உம் பேர விட்டது தப்புதான். பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பிருவோம். உம் பேரு மொதல்ல. காப்புரிமையிலயும் சேத்துருவோம். நாளைக்கு வர்ற அம்மாகிட்டப் பேசித் தீத்துக்கிட்டோம்னு ஒரு வார்த்த சொல்லிரு."

அவள் கேட்டு அலைந்தது இதைத்தான். கேட்டபோது கிடைக்கவில்லை. டீயில் ஆடை படிந்தது. தலையாட்டினால் போதும். தன் பெயர் அச்சில் வரும். எவனாவது ஒருவன் எங்கோ ஒரு நாட்டில் வாலைத் தனியாக வைத்துப் பார்க்கும்வரை, அது அவளுடைய கண்டுபிடிப்பு.

"வேணாம் சார்" என்றாள்.

"என்னம்மா வேணாம்?"

"பேரு. வினோத்துத் தம்பியோடதாவே இருந்துட்டுப் போகட்டும். நான் புகார வாபஸ் வாங்கிக்கிறேன்."

சுந்தரலிங்கம் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் வெளிச்சம் வந்தது. "கல்யாணம் கூடிருச்சாக்கும்?"

"அப்படித்தான் வச்சுக்கங்களேன் சார்."

"அதானே பாத்தேன். நல்லா இரு. எங்கள மறந்துறாத."

"மறக்க மாட்டேன் சார்."

மாலையில் வினோத்ராஜ் மறுநாளைக்கான தட்டில் ஏற்பியைப் பூசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றாள். குப்பியை உள்ளங்கையில் உருட்டிக் கரைத்துக்கொண்டிருந்தான். அது எந்தக் குப்பி என்று அவளுக்குத் தெரியும்.

"கடைசி ரெண்டு வரிசைய எனக்கு விடு தம்பி. ஒரு சந்தேகம் இருக்கு."

"எடுத்துக்கங்கக்கா. சார் சொன்னாரு. பெரிய மனசுக்கா உங்களுக்கு."

"ஆமா."

புதுப் பொடியைத் திறந்து கரைத்து ஒரு வரிசையில் பூசினாள். அடுத்த வரிசையில் வெறும் மனித எதிர்ப்புரதம்.

மறுநாள் காலையில் மழை. மதுரைப் பேராசிரியை குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். நரைத்த கிராப்பு. சால்வையையும் எலுமிச்சம்பழத்தையும் வாங்க மறுத்துவிட்டார். மேசையில் தன் போனைப் பதிவில் போட்டு வைத்தார்.

"எல்லாரும் சொல்றதச் சொல்லுங்க. அப்புறம் மாத்திச் சொல்லக்கூடாது. இந்தச் சோதனைகள யார் செஞ்சது?"

"ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் நானேதான் மேடம்" என்றான் வினோத்ராஜ். "ஒவ்வொரு குழியும் என் கையால."

"முத்துமாரியோட பங்கு?"

சுந்தரலிங்கம் சிரித்தார். "குப்பி கழுவுறது, தட்டு அடுக்குறது. நல்ல பிள்ளைதான். கொஞ்சம் ஆசப்பட்டுருச்சு."

அனுஷ்கா ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். அவள் வாய் பாதி திறந்தது. முத்துமாரி அவளைப் பார்த்துக் கண்ணால் அடக்கினாள்.

"நீங்க என்ன சொல்றீங்க முத்துமாரி?"

"அவுக சொன்னது நெசம்மா. நான் எதையும் கண்டுபிடிக்கல. புகார வாபஸ் வாங்கிக்கிறேன்."

பேராசிரியை புருவத்தை உயர்த்தினார். "யாராவது மெரட்டினாங்களா?"

"இல்லம்மா. ஒரே ஒரு ஆச. தட்டுல ரெண்டு வரிசை பூசி வச்சுருக்கேன். தம்பி சாறு ஊத்தும்போது அதுலயும் ஊத்தட்டும். சாறு மட்டுமில்ல, எல்லா வரிசையிலயும் பாதிக் குழிக்கு வளர்ச்சிக் காரணியையும் ஊத்தட்டும். படிக்கிற பிள்ளை, பாத்துத் தெரிஞ்சுக்கிறேன்."

"தாராளமா ஊத்துவோம்" என்றார் சுந்தரலிங்கம். அவருக்கு அன்று கொடுக்கும் கை.

வினோத்ராஜ் ஊற்றினான். கை நடுங்காமல் நன்றாகவே ஊற்றினான். காத்திருந்த நேரத்தில் வடையும் காப்பியும் வந்தன. செயலாளர் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். மாத்திரைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேச்சு ஓடியது. முத்துமாரி வடையை முழுசாகச் சாப்பிட்டாள்.

அலசி முடித்து நிற மருந்து விட்டபோது எல்லோரும் தட்டைச் சுற்றி வந்தார்கள். வினோத்ராஜின் வரிசையில், சாறு ஊற்றிய குழிகள் ஒவ்வொன்றாக நீலமாயின.

"பாத்தீங்களா மேடம்" என்றார் சுந்தரலிங்கம்.

பேராசிரியை தலையாட்டவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பக்கத்துக் குழி? காரணி ஊத்தினது. ஏன் நிறமே வரல?"

"காரணி கெட்டுப்போயிருக்கும் மேடம்" என்றான் வினோத்ராஜ்.

"கெட்டிருந்தா அங்கன எப்படி வந்துச்சு தம்பி?" என்றாள் முத்துமாரி. தன் முதல் வரிசையைக் காட்டினாள். புதுப் பொடியின் ஏற்பி. அதில் அதே காரணி பளிச்சென்று நீலமாக நின்றது. "காரணி நல்லாத்தான் இருக்கு. நீங்க பூசுன ஏற்பிதான் செத்துப்போச்சு."

மழைச் சத்தம் கேட்டது.

"செத்த ஏற்பியில சாறு மட்டும் எப்படிப் பிடிச்சது?" என்று பேராசிரியை மெல்லக் கேட்டார். தன்னையே கேட்டுக்கொள்வது போல இருந்தது. பிறகு கடைசி வரிசையைப் பார்த்தார். "இதுல என்ன பூசினீங்க?"

"சாதாரண மனித எதிர்ப்புரதம்மா. ஏற்பியே கெடையாது."

கடைசி வரிசையில் சாற்றுக் குழிகள் எல்லாவற்றையும்விட அடர்ந்த நீலமாக இருந்தன.

பேராசிரியை நிமிர்ந்தார். "வாலப் பிடிச்சிருக்கு" என்றார். "சாறுக்கு ஏற்பி வேணாம். வால் போதும். இத வச்சா புற்றுக்கு மாத்திரை? இத வச்சா காப்புரிமை?"

"வினோத், என்னய்யா இது?" சுந்தரலிங்கத்தின் குரல் கீச்சிட்டது. "என்னத்தப் பண்ணித் தொலச்ச?"

"நான் என்ன சார் பண்ணேன்? நீங்கதான குடுத்தீக?"

"நானா? ஒவ்வொரு குழியும் என் கையாலன்னு சொன்னது யாரு?"

வினோத்ராஜ் பேராசிரியையிடம் திரும்பினான். கும்பிட்டான். "மேடம், நெசத்தச் சொல்லிர்றேன். இதுல எதுவும் நான் பண்ணல. எனக்கு வால் எது, தல எதுன்னே தெரியாது. எல்லாம் அக்கா பண்ணது. கட்டுரையில இருக்கிற ஒவ்வொரு படமும் அக்கா எடுத்தது. கண்டுபிடிச்சது அக்காதான் மேடம்!"

எத்தனையோ பேரிடம் மன்றாடியும் யார் வாயிலும் வராத வாக்கியம். அவன் அதை மதுரை அம்மாவின் முன்னால், கும்பிட்ட கையோடு, ஆய்வகம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். முத்துமாரி கண்ணை மூடிக் கேட்டாள். இன்னொரு தரம் சொல்ல மாட்டானா என்றிருந்தது.

"என்ன தம்பி இப்படிப் புரட்டுறீக? காலையில சொன்னதெல்லாம் போன்ல இருக்கு" என்றாள் முத்துமாரி.

"முத்து, அம்மா" என்றார் சுந்தரலிங்கம். வேர்த்திருந்தது. "உன் வேலைதானம்மா இது. நீயே சொல்லும்மா. உம் பேரப் போட்டுருவோம்னு நேத்தே சொன்னேன்ல?"

"குப்பி கழுவுறவளுக்கு என்ன சார் தெரியும்?"

பேராசிரியை போனின் பதிவை நிறுத்தினார். முத்துமாரியை வராந்தாவுக்கு அழைத்துப்போனார். தூறல் உள்ளே அடித்தது.

"நீதான் செஞ்ச. எனக்குத் தெரியுது."

முத்துமாரி முகத்தில் தெறித்த தூறலைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏற்பி செத்தது உனக்கு எப்படித் தெரியும்?"

பொய் சொல்லலாம். இன்றைக்கு ஒரு பொய் ஏற்கனவே சொல்லியாகிவிட்டது. இரண்டாவதற்கு மனசு வரவில்லை.

"பூஜைக்குப் பிளக்கப் பிடுங்கிட்டாக. லீவு முடிஞ்சு மொதல்ல பாத்தது நான். திரும்பச் செருகிட்டுப் பேசாம இருந்துட்டேன்."

"இத்தன நாளா?"

"ஆமாம்மா."

"அந்த ஃப்ரீசர்ல வேற யார் பொருளெல்லாம் இருந்துச்சு?"

முத்துமாரி திரும்பினாள். கதவோரத்தில் அனுஷ்கா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கேட்டிருந்தாள்.

"எங்கிட்ட மட்டுமாச்சும் சொல்லிருக்கலாம்லக்கா" என்றாள் அனுஷ்கா. "நான் யாருகிட்டச் சொல்லப்போறேன்?"

"அழுதுருவ."

"அழுதா என்ன? அந்தக் கெழவிககிட்ட நான் இன்னொரு தரம் எப்படிக்கா ரத்தம் கேப்பேன்?"

அவள் உள்ளே போய்விட்டாள்.

"இதையும் அறிக்கையில எழுதுவேன்" என்றார் பேராசிரியை. "அவங்களுக்கு என்ன வருதோ, அதுல ஒரு பங்கு உனக்கும் வரும். உன் ஆய்வேட்டுக்கும் இப்ப ஒன்னும் மிச்சமில்ல. புரியுதா?"

"எழுதுங்கம்மா."

அவர் அவளை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

முத்துமாரி பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எதிரே தேவாரம் போகிற பஸ் நின்றது. ஏறினால் இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம். அம்மாவிடம் எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தாள். அனுஷ்காவின் குரல் காதை விட்டுப் போகவில்லை. அதற்கு அவள் ஒருநாள் பதில் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு முடியாது.

மேலே ஆய்வகத்தின் ஜன்னல் திறந்தே கிடந்தது.

"உங்க மண்டையில உதிச்சதுதான சார் இது!"

"வாய மூடுறா! உன் பேருதானடா மொதல்ல இருக்கு?"

"மாமாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

"உங்க மாமனுக்கு நான் ஏன்டா சொல்லணும்? உன் வேலை இது. உன் வேலை!"

கண்டக்டர் விசில் அடித்தார். "ஏம்மா, வாரியா இல்லியா?"

"நீங்க போங்கண்ணே" என்றாள் முத்துமாரி. மழைக்கு ஒதுங்குகிறவள் மாதிரி, ஜன்னலுக்கு நேர் கீழே, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள்.